சுவரில் மாட்டிய முக்காலி

அந்த ஸ்டேஷனில் ரயில் நிற்கும். ஏறுவது உங்கள் பாடு. பிளாட்பாரம் என்று பெயருக்கு ஒரு மண்மேடு, ஓரத்தில் ஒரு வரிசைக் கருங்கல், அவ்வளவுதான். வண்டியின் முதல் படி ஆளின் இடுப்புக்கு வரும். இளவட்டங்கள் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள் முதலில் மூட்டையை எறிந்துவிட்டு, அப்புறம் தங்களையே எறிந்துகொள்ள வேண்டும். அந்த மேட்டைக் கட்டின மகராசனுக்கு முழங்கால் என்று ஒன்று இருந்திருக்காது போலிருக்கிறது.

இந்த லட்சணத்தில், அங்கே தினமும் ஏறியே ஆக வேண்டிய ஒரு தச்சர் இருந்தார். கூரை வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் இடது கால் மடங்காமல் போய்விட்டது. பக்கத்து டவுனில் ஒரு மரச்சாமான் கடையில், உட்கார்ந்தபடியே செதுக்குகிற வேலை கிடைத்தது. மடங்காத காலோடு போகிறவருக்கு அந்த வேலையே பெரிய புண்ணியம். அதை விட்டால் இன்னொன்று கிடையாது. ஊருக்குள் பஸ் வராது. ஆக, அந்த ரயிலில் ஏறினால் வேலை, ஏறாவிட்டால் வீடு.

ஆரம்பத்தில் நாலு பேர் சேர்ந்து அவரை மூட்டை மாதிரி தூக்கி ஏற்றினார்கள். ஒரு நாள் வண்டி ஹாரன் அடித்ததும் தூக்கின ஆளே பயந்து கையை விட்டுவிட்டான். விழுந்த அடியைவிட, சுற்றி நின்றவர்கள் "ஐயோ பாவம்" என்றதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. அதற்குப் பிறகு யாரையும் கிட்டே விடமாட்டார். தானே ஒரு முக்காலி செய்தார்.

"நாலு கால் வெச்சா இந்த மண்ணுல ஆடும். மூணு கால்னா எங்க வெச்சாலும் நிக்கும்" என்றார் மனைவியிடம்.

மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு, பள்ளிக்கூடத்து உடுப்பும் ஜாக்கெட்டும் தைப்பவள். வாயும் கையும் ஒரே வேகம். காலையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவருடன் போவாள். வண்டி நின்றதும் படிக்கு நேரே போட்டு, ஒரு காலால் அதை மிதித்துப் பிடித்துக்கொள்வாள். அவர் ஏறியதும் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். டவுன் ஸ்டேஷனில் உயரமான மேடை உண்டு; சாயங்காலம் அவர் இங்கே இறங்க மறுபடியும் அதே தூக்கல். அங்கேயே வைத்துவிட்டு வரலாமே என்று கேட்பீர்கள். அவளும் கேட்டாள்.

"பிளாட்பாரத்துல பொருள் வெக்கக் கூடாதுக்கா. தடுக்கி விழுந்துடுவாங்கன்னு ரூல்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஏறும்போது விழுந்தா?"

"அதுக்கு ரூல் இல்லக்கா."

கேட்டீர்களா கூத்தை! அந்த மனிதரையும் குறை சொல்ல முடியாது. தங்கமான ஆள். ஆனால் மேலிடத்து வார்த்தை என்றால் தும்மக்கூட அனுமதி கேட்பார்.

நாளடைவில் முக்காலி ஊருக்கே பொதுவாகிவிட்டது. தச்சர் ஏறின கையோடு வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி ஏறுவாள். பார்வை இல்லாத இசை வாத்தியார் கோலால் தட்டிப் பார்த்து, "முக்காலி இருக்கா தாயி?" என்று கேட்டுக்கொண்டே வருவார். தையல்காரிக்கு முக்காலியக்கா என்று பெயரே விழுந்துவிட்டது. காய்ச்சலில் படுத்தாலும் போக வேண்டும். தைக்கிற துணி பாதியில் நின்றாலும் போக வேண்டும். முதலில் அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக, மேட்டை உயர்த்த வேண்டியது யார் வேலை, நான் ஏன் இதைச் சுமந்து சாகிறேன் என்று எரிச்சல் வந்தது. ஊரார் எழுதிப் போட்ட மனுவெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

கடைசியில் ஒரு நல்ல செய்தி வந்தது. இந்த லைனில் ஏதோ ஒரு ஸ்டேஷனுக்கு மேடையை உயர்த்தி, சாய்தளமும் கட்டித் தரப் போகிறார்களாம். எந்த ஸ்டேஷன் என்று பார்த்து முடிவுசெய்ய ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம்.

அப்போது அந்த ஊர் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது! அதிகாரி வருகிறார் என்றதும், குறையைக் காட்ட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கிழிந்த பாயை ஒளித்து வைப்போமே, அதே புத்தி. பள்ளத்தில் மணல் கொட்டி மிதித்தார்கள். கருங்கல்லுக்கு வெள்ளை அடித்தார்கள். எரியாத விளக்குக்கு ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு பல்பைக் கழற்றி வந்து மாட்டினார். "அக்கா, நம்ம ஸ்டேஷன் மானம் உங்க கையிலதான் இருக்கு" என்றார் வேறு. தச்சர் ராத்திரி பகலாக உட்கார்ந்து, அகலமான புது முக்காலி ஒன்று செய்து பாலிஷ் போட்டார். பழையது அடுப்புக்குப் போனது. தையல்காரி அதற்கு ஒரு மெத்தைகூடத் தைத்துப் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, மேலே நெய்யும் ஊற்றினார்கள்.

அதிகாரிக்கு முழங்கால் வலி. முக்காலியில் காலை வைத்து ராஜா மாதிரி இறங்கினார். "அடடா, எவ்வளவு அன்பான ஜனங்க!" என்று பூரித்தார். தையல்காரியை முக்காலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவளும் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பிற்பாடு அவளுக்கே தன்னை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

மேடை வேறு ஊருக்குப் போய்விட்டது. இங்கே பயணிகளே நல்ல ஏற்பாடு செய்துகொண்டிருப்பதால் அவசரம் எதுவும் இல்லையாம்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டோம்!" என்று தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளே டவுனில் இருந்த ரயில் ஆபீஸுக்குப் போய் நின்றாள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் பெரிதாகச் சட்டம் போட்டு அவள் படம் தொங்கியது. அவளும் முக்காலியும். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து, "அட, நீங்கதானா அது! நேர்ல பார்த்ததுல ரொம்ப சந்தோஷங்க" என்றான். அவள் ஆபீஸே கூடுகிற அளவுக்குச் சத்தம் போட்டாள். சத்தம் தாங்காமல் அதிகாரியே வெளியே வந்து, இன்னொரு தடவை வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

இந்தத் தடவை அவள் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாள். மணல் கொட்டாதீர்கள், வெள்ளை அடிக்காதீர்கள், உள்ளது உள்ளபடி இருக்கட்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. அதிகாரி வருகிற அன்று காலையில் அவரை முன்னால் அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு ஸ்டேஷனுக்கு வந்தாள்.

தச்சர் அவள் கையைப் பார்த்தார். "முக்காலி எங்க?"

"வீட்ல."

"விளையாடுறியா? இன்னொரு நாள் லீவு போட்டா வேலைக்கே வர வேண்டாம்னு முதலாளி சொல்லியிருக்காரு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். இன்னிக்கு அதைக் கொண்டு வந்தா, நான் சாகுற வரைக்கும் இதைத்தான் தூக்கணும். எனக்கப்புறம் யாருங்க தூக்குவா?"

"அதுக்கு என் பொழப்புதான் கிடைச்சுதா உனக்கு?"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஓடிப் போய் எடுத்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

வண்டி வாசலில் அதிகாரி நின்றார். கீழே பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"ஏம்மா, அந்த முக்காலி எங்க?"

"அது ஆபீஸ் சுவத்துல இருக்குங்களே, சார். நீங்க இறங்கி வாங்க."

ஒரு காலை நீட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு கையில் கொடியும் இன்னொரு கையில் தன் தலையுமாக நின்றார். அதற்குள் தச்சர், யார் பேச்சும் கேட்காமல் தன் ஊன்றுகோலை வண்டிக்குள் எறிந்துவிட்டுக் கம்பியைப் பிடித்தார். நல்ல கால் படிக்கு எட்டியது. மடங்காத கால் எழும்பவில்லை. அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை போலும், மேலிருந்து கையை நீட்டினார். தச்சர் பற்றிக்கொண்டார். இவரை இழுக்க அவரால் முடியவில்லை, அவரைத் தாங்கிப் பிடித்து இறக்க இவராலும் முடியவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். வண்டி நகர்ந்தது. "விட்டுடுங்க!" என்று தையல்காரி கத்தினாள். தச்சர் கையை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

அதிகாரியும் தச்சரின் கோலும் அடுத்த ஊருக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் போன் அடித்தது. மறுமுனையில் அதிகாரி. குரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "என்னய்யா இது! அந்த ஸ்டேஷன்ல ஜனங்க எப்படித்தான் ஏறி இறங்குறாங்க?"

தையல்காரி போனைப் பிடுங்கினாள். "இதைத்தாங்க சார் நாங்க இத்தனை வருஷமா உங்களைக் கேட்டுக்கிட்டிருக்கோம்!"

அதிகாரி போனை வைத்துவிட்டார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வயிறு நிறையுமா? மத்தியானம் கடை முதலாளி போனில் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். தையல்காரி மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரே தையலைப் போடுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். தச்சர் முகம் கொடுக்காமல் கொல்லைக்குப் போய்விட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

சாயங்காலம் கொல்லையில் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். முக்காலி கவிழ்ந்து கிடந்தது. தச்சர் உளியை வைத்துத் தட்டித் தட்டி அதன் கால்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க? கோவத்தை அது மேல ஏன் காட்டுறீங்க?"

"கோவம் இல்ல." மூன்றாவது காலையும் உருவினார். "காலையில வாத்தியார் வந்து வாசல்ல நின்னு தாயின்னு கூப்பிடுவாரு. உனக்கு மனசு இளகிடும். எனக்கும் இளகிடும். அதுக்குத்தான்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு பை தைச்சுக் குடு."

மறுநாள் காலையில் முக்காலிப் பலகையும் மூன்று கால்களும் பையில் துருத்திக்கொண்டிருக்க, தையல்காரி ஸ்டேஷனுக்கு வந்தாள். வாத்தியாரும், இப்போது கைப்பிள்ளையோடு வரும் அந்த வயிற்றுப்பிள்ளைக்காரியும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்தார்.

"அக்கா, எங்கக்கா போறீங்க இதைத் தூக்கிக்கிட்டு?"

"ஆபீஸுக்கு. போட்டோவை அவங்கதானே மாட்டி வெச்சிருக்காங்க, கட்டையையும் அவங்களே வெச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பையை முதலில் எறிந்து, பின்னாலேயே கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினாள்.