அந்த அறைக்குள் எனக்கு ஒரு ஆளைத் தாரும்

என் பெயர் றெஜினா. எழுதுவதற்கு ஒரு நொடி போதும். வாயால் சொல்லச் சொன்னால் சில நாட்களில் அரை நிமிடம் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு இந்தப் பிரெஞ்சு நாட்டில் இருந்த அப்பாவிடம் வந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. அந்த வருடத்திலிருந்து எனக்குத் திக்குவாய். தமிழிலும் திக்கும், பிரெஞ்சிலும் திக்கும், ஆங்கிலத்திலும் திக்கும். எல்லாவற்றிலும் கடினமானது என் பெயரின் முதல் எழுத்து.

ஆண்டவர் எனக்குச் செய்ததை தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஞாயிறுதோறும் கூடும் நம் சபையார் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். கூட்டிக் குறைக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் நான் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பாடங்கள் எல்லாம் தேறிவிட்டேன். பயிற்சிக்குப் போன கம்பெனியிலேயே வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். செப்டம்பரில் டிப்ளோமோடு, அதாவது பட்டச் சான்றிதழோடு வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் கல்லூரியில் ஒரு விதி. ஆங்கிலத் தகுதிப் பரீட்சையில் தேறாதவருக்கு டிப்ளோம் இல்லை. அந்தப் பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். பேசும் பகுதியில் இரண்டு மாணவர்களை ஜோடியாக உட்காரவைத்து, ஒரு விஷயத்தைப் பற்றி அவர்களுக்குள் பேசச் சொல்வார்கள்.

நவம்பரில் முதல் தடவை போனேன். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தரையைப் பார்த்தாள். பரீட்சகர் நல்ல மனுஷி. கையிலிருந்த தாளைப் பார்த்து என் பெயரை எனக்காக அவரே சொல்லிவிட்டார். அன்பினால்தான் செய்தார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

ஜனவரியில் இரண்டாம் தடவை. இந்த முறை ஒரு தந்திரம் செய்தேன். திக்கும் என்று தெரிந்த சொற்களையெல்லாம் விலக்கிப் பேசினேன். சகோதரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். தம்பி என்பதற்கான ஆங்கிலச் சொல் எனக்கு வராது. அதனால் "இல்லை" என்றேன். அந்த நேரம் என் தம்பி வீட்டில் என்னுடைய கணினியில் விளையாடிக்கொண்டிருந்தான். அந்தப் பரீட்சையிலும் தவறினேன்.

மார்ச்சில் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் டிப்ளோமும் இல்லை, வேலையும் இல்லை.

ஸ்தேன் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா கதவைத் தட்டினார்.

"ஏன் பிள்ளை தண்ணியைத் திறந்துபோட்டு அழுகிறாய்? குழாயைப் பூட்டிப்போட்டு அழு. எனக்குக் கேட்டால் கேக்கட்டும்."

கதவைத் திறந்து அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதேன். ஆண்டவருக்கு என்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவரும் அழுதார்.

இதையும் சொல்லவேண்டும். பதின்மூன்று வருடங்களாக அம்மா என்னை ஜெப வரிசையில் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். நெற்றியில் எண்ணெய் பூசுவார்கள், கை வைத்து ஜெபிப்பார்கள். பிறகு மைக்கை வாயருகே பிடித்து, "இப்ப பேரைச் சொல்லு பாப்பம், தங்கச்சி" என்பார்கள். எல்லோரும் காத்திருப்பார்கள். எனக்கு வராது. விசுவாசம் வளரவேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். யாரையும் நான் குறை சொல்லவில்லை. என்மேல் அன்பு இல்லாவிட்டால் அத்தனை வருடம் ஜெபித்திருப்பார்களா? ஆனாலும் ஞாயிறு வருகிறது என்றால் சனிக்கிழமை இரவு எனக்கு நித்திரை வராது.

கல்லூரித் தாதி ஒரு வழி சொன்னார். வைத்தியரின் கடிதம் கொண்டுவந்தால் பேசும் பகுதிக்குக் கூடுதல் நேரம் தருவார்களாம். சபையில் ஒரு அன்ரியிடம் இதைச் சொன்னேன்.

"வேண்டாம் பிள்ளை. கடிதம் எடுத்தால், எனக்குச் சுகம் வராது எண்டு நீயே கையெழுத்து வைக்கிற மாதிரி" என்றார்.

நான் நம்பினேன். கடிதம் எடுக்கவில்லை. மார்ச் பரீட்சைக்கு அதைக் கொடுக்கவேண்டிய நாளும் கடந்துவிட்டது.

இந்த நிலையில்தான் லின் என்னிடம் வந்தாள். சீனாவிலிருந்து படிக்க வந்த மாணவி. இரண்டு வருடம் ஒரே வகுப்பில் இருந்தோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜனவரிப் பரீட்சையின் முடிவு வந்து சில நாட்களுக்குப் பின் நடைவழியில் என் முன்னால் வந்து நின்று, பிரெஞ்சில் நேராகவே கேட்டாள்.

"நீயும் இரண்டு தடவை தவறிவிட்டாயா?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"நானும்தான்" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

லின் தாய் தகப்பனுக்கு ஒரே பிள்ளை. அவர்கள் ஊர்ச் சந்தையில் சப்பாத்தும் செருப்பும் விற்கும் கடை வைத்திருக்கிறார்கள். சீனாவில் கல்லூரி ஆங்கிலப் பரீட்சைக்காக அவள் ஒரு தடித்த சொற்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு தடவை மனப்பாடம் செய்தவள். வாசித்தலிலும் எழுதுதலிலும் எங்கள் வகுப்பில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஒரு மனிதரோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகியதே இல்லை. யாராவது கேள்வி கேட்டால், பாடமாக்கி வைத்த கட்டுரை ஒன்று தானாக வெளியே வரும். "சமுதாயம் நாளுக்கு நாள் முன்னேறிவரும் இக்காலத்தில்" என்றுதான் தொடங்குவாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாலும் முதலில் சமுதாயம் முன்னேறும்.

இருவரும் சேர்ந்து பழகுவோம் என்று முடிவெடுத்தோம். அப்பா லாச்சப்பலில் ஒரு உணவகத்தில் சமைக்கிறார். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு மாலைவரை அங்கே ஆட்கள் குறைவு. குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்து மேசையில் உட்காருவோம். லின் பொண்டி என்ற புறநகரிலிருந்து வருவாள்.

முதல் நாள் அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சீனத்துப் பிள்ளை உறைப்புத் தின்னுமோ?"

அவள் கொத்து ரொட்டியை என்னைவிட உறைப்பாகச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

மூன்று வாரம் இப்படிப் போனது. நான் ஒரு சொல்லில் சிக்கி நின்றால் லின் எடுத்துக் கொடுக்கமாட்டாள். தரையைப் பார்க்கமாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பாள். இவ்வளவு பொறுமையான ஒருத்தியை நான் கண்டதில்லை. ஒருநாள் நன்றி சொல்ல நினைத்து, எனக்குத் திக்குவாய் என்று அவளிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்படியென்றால் நீ சிக்கி நிற்கும்போது உனக்கு அந்தச் சொல் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாச் சொல்லுமா?"

"ஓம், எல்லாம் தெரியும். வாய்க்கு வராது."

"நான் இவ்வளவு நாளும் உனக்கும் என்னைப்போலச் சொல் ஞாபகம் வரவில்லை என்றல்லவா நினைத்தேன்!"

இருவரும் கண்ணீர் வரும்வரை சிரித்தோம். என் திக்குவாயைப் பற்றி நான் வாழ்க்கையில் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு இருவருக்கும் ஒரே விதி. ஒருத்தி சிக்கினால் மற்றவள் காத்திருக்கவேண்டும். அவள் சமுதாயத்தைத் தொடங்கினால் நான் கையை உயர்த்துவேன், அவள் நிறுத்திவிட்டுத் தன் சொந்தக் கதையைச் சொல்லவேண்டும். எனக்குத் திக்குவது நிற்கவில்லை. ஆனால் சொல்ல நினைத்த சொல்லை விட்டு ஓடுவதை நான் நிறுத்தினேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜோடிப் பட்டியல் வந்தது. லினுக்கு வேறொரு பெண். எனக்கு வேறு பிரிவுப் பையன் ஒருவன். அவனை எனக்குத் தெரியும். முந்தைய வருடம் ஒரு வேலையை ஒன்றாகச் செய்தபோது நான் தொடங்கிய வசனங்களையெல்லாம் அவனே முடித்துவைத்தான். பழைய பயம் திரும்பி வந்தது. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். பட்டியலை மாற்றமுடியாது என்றார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஜெப வரிசைக்கு அழைத்தார்கள். அம்மா எழுந்து நின்று என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கு நான் வரேல்லை அம்மா" என்றேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"சரி. அப்ப இஞ்சையிருந்தே கேப்பம். நீயே கேள்."

பதின்மூன்று வருடத்தில் இந்தக் காரியத்துக்காக நானே என் வாயால் ஜெபித்ததில்லை. எப்போதும் எனக்காக யாரோ ஜெபித்தார்கள். அன்று திக்கித் திக்கி மெதுவாகச் சொன்னேன். "ஆண்டவரே, என் நாக்கை நீர் உமக்கு விருப்பமான நேரத்தில் பார்த்துக்கொள்ளும். இப்போது அந்த அறைக்குள் எனக்கு ஒரு ஆளைத் தாரும். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கிற ஒரு ஆளைத் தாரும்." அவ்வளவுதான். பெரிய வார்த்தைகள் ஒன்றும் இல்லை. ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது.

மறுநாள் லினிடம் இதைச் சொன்னேன். அவள் கடவுளைப் பற்றி யோசித்தே பார்க்காதவள். "ஆனால் பட்டியலை மாற்றமாட்டார்களே?" என்றாள். "தெரியும்" என்றேன். அவள் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள்.

பரீட்சை சனிக்கிழமை. எழுத்துப் பகுதிகள் காலையிலேயே முடிந்தன. பிறகு நடைவழியில் காத்திருந்தோம். ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தது. அந்தப் பையன் வரவில்லை. ஓரமாக உட்காரச் சொன்னார்கள். மற்ற ஜோடிகள் போய் வந்தார்கள். லினின் ஜோடிப் பெண் காய்ச்சல் என்று சொல்லி எழுத்துப் பரீட்சையின் பாதியிலேயே வீட்டுக்குப் போயிருந்தாள். கடைசியில் நடைவழியின் இந்த முனையில் நான், அந்த முனையில் லின்.

பட்டியல் வைத்திருந்த பெண்மணி வெளியே வந்தார். இரண்டு பெயர்களைப் பேனாவால் வெட்டினார். "நீங்கள் இருவரும் சேர்ந்து உள்ளே போங்கள்" என்றார்.

லின் என்னிடம் நடந்து வந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "பட்டியல் மாறிவிட்டது" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பயம் போய்விட்டது. அந்த அறைக்குள் நான் தலை நிமிர்ந்து போனேன்.

பரீட்சகர் பெயரைக் கேட்டார். லின் சொன்னாள். என் முறை. வாயைத் திறந்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். அவர் என் பெயரைப் படிக்கத் தாளை நோக்கிக் குனிந்தார். அப்போது லின் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அவளுக்குத் தெரியும். தயவுசெய்து பொறுங்கள்."

எந்தப் புத்தகத்திலும் பாடமாக்காத வசனம். அவர் நிமிர்ந்தார், பொறுத்தார். என் பெயரை நானே சொன்னேன்.

புதிதாக ஒரு நகரத்துக்கு வரும் மாணவருக்கு எது முக்கியம், சைக்கிளா, சமையலறையா, விளையாட்டுக் குழுவா என்று பேசச் சொன்னார்கள். லின் "சமுதாயம்" என்று தொடங்கினாள். நான் கைகூட உயர்த்தவேண்டி வரவில்லை. அவளே நிறுத்திச் சிரித்துவிட்டு, "இல்லை. சமையலறை. முதல் மாதம் நான் தினமும் குளிர்ந்த பாண் ரொட்டி சாப்பிட்டேன்" என்றாள். நான் விளையாட்டுக் குழு என்றேன். தம்பியைப் பற்றிச் சொன்னேன், அவன் உதைபந்தாட்டத்தில்தான் நண்பர்களைப் பிடித்தான் என்றேன். தம்பி என்ற அந்தச் சொல்லிலும் திக்கினேன், சொல்லியும் முடித்தேன். லின் ஒத்துக்கொள்ளவில்லை. நேரம் முடிந்தது என்று அவர்கள் சொன்னபோதும் நாங்கள் வாதாடிக்கொண்டுதான் இருந்தோம்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, லாச்சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் அம்மா முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியில் முடிவு வந்தது. தேறிவிட்டேன். நான்கு பகுதிகளில் எனக்கு அதிகப் புள்ளி பேசுதலுக்கு. எதிரில் இருப்பவரோடு சேர்ந்து உரையாடுவதற்கு முழுப் புள்ளி. திக்குவாய்க்காரிக்கு!

அம்மா முருங்கைக்காயும் கையுமாக, "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அக்கா, லொத்தர்ச் சீட்டு விழுந்திட்டுதோ?"

"அதைவிடப் பெரிசு தம்பி" என்றார் அம்மா.

லினுக்கு அழைத்தேன். அவளும் தேறியிருந்தாள். சீனமொழியில் கத்தினாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது. வராத பையனுக்கும் காய்ச்சல்காரப் பெண்ணுக்கும் வேறு நாள் கொடுத்தார்கள், அவர்களும் தேறினார்கள். என் பொருட்டு யாரும் இழந்து போகவில்லை என்று அறிந்த அன்று அதற்காகவும் நன்றி சொன்னேன்.

செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்தேன். லின் இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். ஒருமுறை சபைக்கு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, விளங்காத பாட்டுக்குக் கை தட்டினாள். அவளுக்காக ஜெபிக்கிறேன், நெருக்குவதில்லை.

எனக்கு இன்னும் திக்குகிறது. அப்படியானால் ஜெபம் கேட்கப்பட்டது என்று எப்படிச் சொல்கிறாய் என்று சிலர் கேட்கிறார்கள். நான் கேட்டதை ஆறு நாளில் தந்தார், வேறு எப்படிச் சொல்வது? நாளைக்கு என் நாக்கையும் அவர் அவிழ்த்துவிட்டால் ஆசையோடு ஏற்றுக்கொள்வேன். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்கப்போவதில்லை. வேலையிடத்தில் தொலைபேசியை நானே எடுக்கிறேன். செவ்வாய்தோறும் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன், வைத்தியரின் கடிதத்தோடு. அந்த அன்ரி வீட்டுக்கு வந்து, "பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்றார். கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே, வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. படிக்கும் தம்பி தங்கைகளே, தனியாகப் பயந்துகொண்டிருக்காதீர்கள். பக்கத்தில் உங்களைப்போல் தவறியவர் ஒருவர் இருப்பார், அவரோடு உட்காருங்கள். உங்களுக்கு வேண்டியது எதுவோ அதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அழகான வார்த்தைகள் வேண்டாம். பாதியில் நின்றுபோன வார்த்தையும் அவருக்குப் போய்ச் சேர்கிறது. என்னுடையது போய்ச் சேர்ந்தது. உங்களுடையதும் சேரும், நம்பிக் கேளுங்கள்.