மலையில் ஆண்டவரோடு நான் போட்ட சண்டை

சாட்சி சொல்ல எழுந்து நிற்பவள் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும் என்று நம் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. என்னால் அப்படி நிற்க முடியாது, சகோதர சகோதரிகளே. எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். இரண்டும் உண்மை. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தாராவியில் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பை தைக்கிற பட்டறையில் ஜிப் வைத்துத் தைப்பவள். எட்டாவது வரைதான் படித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்தார். நான் வெளியே வராண்டாவில் முழங்காலில் நின்றேன். முக்காடு போட்டு, கண்ணை இறுக மூடி, இந்த ஒருமுறை விட்டுவிடும் என்று கெஞ்சினேன். உள்ளேயிருந்து நர்ஸ் வந்து கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. நான் எழுந்து உள்ளே போனபோது அவர் முகத்தை மூடியிருந்தார்கள். கடைசியில் என்னைத்தான் கேட்டாராம்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். தேவ சித்தம். டீ குடித்துக்கொண்டே சொன்னார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டே சொன்னார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் ஆமென் சொன்னேன். அதற்குப் பிறகு நான் செய்த ஜெபமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த ஜெபம்தான். வாய் ஸ்தோத்திரம் சொல்லும். மனது பேசாமல் இருக்கும்.

பிறகு சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். விடியற்காலையில் மாட்டுங்கா தோட்டங்களைச் சுற்றி நடக்கப் போனேன். எனக்கு மெதுவாக நடக்க வரவில்லை. கோபம் காலில் இறங்கியிருந்தது. நடை ஓட்டமானது. அங்கே வயதானவர்கள் சேர்ந்து ஓடும் ஒரு கூட்டம் இருந்தது, அவர்கள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மகள் ஷூ வாங்கித் தந்தாள். சனிக்கிழமைகளில் தாதர் தாண்டிக் கடற்கரை வரை போய்த் திரும்புவோம். ஞாயிறு மட்டும் வரமாட்டேன், ஆராதனை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பேன்ட்டும் குர்தாவும்தான் போடுவேன். துப்பட்டா மட்டும் இடுப்பில் கட்டியிருக்கும். வழியில் எங்கேயாவது ஜெபிக்கத் தோன்றினால் தலையை மூட வேண்டாமா?

நம் சபை ரூத் மைனி ஒருநாள் ரோட்டில் என்னைப் பார்த்துவிட்டார்கள். "ஏட்டி எஸ்தரு, பேரன் எடுத்தவ பேன்ட்ட மாட்டிக்கிட்டு இப்படி ஓடுதியே, பின்னால நாயா தொரத்துது?" என்றார்கள்.

"நாய் இல்ல மைனி, நீங்கதான்" என்றேன்.

அன்றிலிருந்து அவர்கள் எனக்காகப் பாரத்தோடு ஜெபிப்பதாக எல்லாரிடமும் சொல்லிவருகிறார்கள்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும், எங்கள் கூட்டம் ஒரு சனிக்கிழமை ராத்திரி மலை ஓட்டத்துக்குப் போனது. அம்பர்நாத்துக்கு அப்பால், காட்டுப் பாதை. தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். வயதானவர்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்திருந்தார்கள், ஜோடிக்கு ஒரு விசில். என் ஜோடி வைத்தி சார். மாட்டுங்காக்காரர், பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். விசில் அவர் கழுத்தில் இருந்தது. எல்லாருக்கும் கடைசியில், யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு முதல் ரயிலில் திரும்பி, குளித்து, ஆராதனைக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஏற்றம் எனக்குப் பிரச்சினை இல்லை. உச்சிக்கு அந்தப் பக்கம் இறக்கம். கல்லும் வேரும் ஈரமாகக் கிடந்தன. பயமாக இருந்தது. கொஞ்சம் ஜெபித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

வைத்தி சார் சிரித்தார். "நின்னாத்தான் கேப்பாரா? கூடவே ஓடிவர மாட்டாரா உங்க சாமி?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க போங்க சார். நான் அவருகிட்ட பேசிட்டு வாரேன்" என்றேன். கொஞ்சம் தயங்கினார். போங்க என்று மறுபடியும் சொன்னேன். போய்விட்டார்.

பாதையை மறிக்கக் கூடாதென்று ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினேன். விளக்கு தலையில் இருந்தால் முக்காடு நிற்காது. கழற்றினேன், அணைத்தேன், கையில் வைத்துக்கொண்டேன். முக்காடு போட்டு முழங்காலில் நின்றேன். நடுவில் காலடிச் சத்தம் கேட்டது, இரண்டு பேர் பேசிக்கொண்டே போனார்கள். கடைசியில் வருகிறவர்கள் அவர்கள்தான் என்று தெரிந்தது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்காதே, எழுந்திருக்காதே என்றுதானே சின்ன வயதிலிருந்து நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்? நானும் திறக்கவில்லை. ஆமென் சொல்லி எழுந்தேன். கீழே எங்கும் ஒரு வெளிச்சம்கூட இல்லை.

பதறி ஓடினேன். முதல் திருப்பத்திலேயே கால் பிசகிப் பாதைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் விழுந்தேன். விளக்கு எங்கோ கல்லில் அடித்து உடைந்தது. கணுக்காலை ஊன்ற முடியவில்லை. போனில் டவர் இல்லை. செடிக்குள் ஏதோ ஊர்ந்தது. இங்கேயே கிடந்து சாகப் போகிறேன் என்று நினைத்தேன், சத்தியமாக.

அப்போதுதான் எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. முக்காட்டை இழுத்து எறிந்தேன். கண்ணையும் மூடவில்லை. வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"கேக்குதா, கேக்கலையா உமக்கு? உம்மகிட்ட பேசத்தான நின்னேன்? அதுக்கா என்னைய விட்டுட்டுப் போக வச்சீரு? அன்னைக்கும் இப்படித்தான. நான் கண்ண மூடி உம்மகிட்ட கெஞ்சிக்கிட்டு கெடக்கேன், நீரு அந்தப் பக்கம் அவரைக் கொண்டு போயிட்டீரு. ஒரு வார்த்தை பேச விட்டீரா? சித்தமாம் சித்தம். நான் ஒத்துக்கிட மாட்டேன். இப்ப ஒரு ஆள அனுப்பும். அனுப்பலேன்னா இனிமே உம்மகிட்ட பேச மாட்டேன்."

இதைத்தான் நான் ஜெபம் என்கிறேன். மூன்று வருஷத்தில் நான் செய்த ஒரே உண்மையான ஜெபம் இதுதான். நிறுத்தாமல் திட்டினேன். அழுதேன். மறுபடியும் திட்டினேன்.

மேலே ஒரு வெளிச்சம் ஆடியது. பிறகு வைத்தி சாரின் குரல்.

"யாரோட சண்டை போட்டுண்டிருக்கேள்? இன்னொருத்தர் எங்கே?"

"எங்க ஆண்டவரோட" என்றேன். அவர் விளக்கைச் சுற்றிலும் அடித்துப் பார்த்தார், பாவம்.

நடந்தது இதுதான். கீழே தண்ணீர் வைத்திருந்த இடத்தில் அவர் எனக்காகக் காத்து நின்றிருக்கிறார். கடைசி ஆட்கள் இருவரும் வந்து, பின்னால் யாரும் இல்லை, அந்த அம்மா வேறு பாதையில் ஊருக்குள் இறங்கியிருப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் ஒத்துக்கொள்ளாமல் தனியாகத் திரும்பி ஏறியிருக்கிறார். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒருவேளை அவர்கள் சொன்னதுதான் சரியோ என்று ஊருக்குப் போகும் பாதையில் இறங்கவும் ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் என் சத்தம் கேட்டிருக்கிறது.

"யாரோ புருஷன் பொண்டாட்டி அடிச்சுக்கறான்னு நெனச்சேன். விலக்கி விடலாம்னு வந்தேன். சத்தம் மட்டும் கேக்கலேன்னா நான் அந்தப் பக்கம் போயே போயிருப்பேன்" என்றார். என் காலைப் பார்த்துவிட்டு, "உங்க சாமிய ஏன் திட்டறேள்? விட்டுட்டுப் போனது நான். என்னைத் திட்டுங்கோ" என்றார்.

"உங்களையும் திட்டத்தான் போறேன் சார். மொதல்ல விசில ஊதுங்க" என்றேன்.

ஊதினார். ஆட்கள் வந்தார்கள். தூக்கி வந்தார்கள்.

காலில் கட்டோடு நான் வீட்டில் இருந்தபோது சபையிலிருந்து பார்க்க வந்தார்கள். பாத்தியா, ஆண்டவர் எச்சரித்துவிட்டார், இனி ஓட்டத்தை விட்டுவிடு என்றார்கள். இந்தமுறை நான் ஆமென் சொல்லவில்லை. காலைப் பிசக வைத்து எச்சரிக்கிற ஆண்டவரை எனக்குத் தெரியாது, அவரோடு எனக்குப் பழக்கம் இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த ஆண்டவர் நான் கத்தியதைக் கேட்டார். தப்பான பாதையில் இறங்கிய ஒரு மனுஷனை அந்தச் சத்தத்தாலேயே திருப்பி அனுப்பினார். அடக்க ஒடுக்கமாக முணுமுணுத்து ஜெபித்திருந்தால் நான் இன்று இங்கே நின்று பேசமாட்டேன்.

என் வீட்டுக்காரரை ஏன் அப்படிக் கொண்டுபோனார் என்று அவர் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்பதை விடவில்லை. ஆனால் இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு அல்ல. அந்த ராத்திரிக்காக அவருக்குக் கோடி ஸ்தோத்திரம் சொல்கிறேன், அதை மனது நிறைந்து சொல்கிறேன்.

இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது அவர்மேல் கோபம் இருந்தால், அதைத் தேவ சித்தம் என்ற வார்த்தையைப் போட்டு மூடாதீர்கள். பக்கத்து வீட்டில் போய்க் கொட்டாதீர்கள். அவரிடமே போங்கள். உரக்கச் சொல்லுங்கள். அவர் தாங்குவார். வருவார், நீங்கள் நினைக்காத ஆளின் காலில் வருவார். நம்பி ஒருமுறை கத்திப் பாருங்கள்.

கால் சரியாகிவிட்டது. மறுபடியும் மலைக்குப் போய்வருகிறோம். இறக்கம் வந்தால் நான் இன்றும் நிற்பேன். வைத்தி சார், "இன்னிக்கு ஜெபமா, சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொள்வார். நான் முழங்காலில் நிற்பேன். முக்காடும் போடுவேன், அதை விடமாட்டேன். விளக்கை மட்டும் இப்போது அணைப்பதில்லை. முக்காட்டுக்கு மேலே கட்டிக்கொள்கிறேன்.