பின்வாசல் பாதைக்கு வெள்ளைப் பூ

பூட்டுக்கடைக்காரர் ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு செடிகூட வைத்ததில்லை. முன்னால் கடை, பின்னால் வீடு. சாவி வெட்டும் மெஷினின் பித்தளைத் தூள் எப்போதும் அவர் நகக்கண்ணில் இருக்கும். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவரைத் தேடி ஓடிவராத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருப்பதையே அவர் பாதி மறந்திருந்தார். அதைத் தோட்டம் என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்தான். மூன்று பக்கமும் மாடிக் கட்டடங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும், பிறகு நாள் முழுக்க நிழல். பின்வாசலில் இரண்டு படி. அங்கிருந்து ஒரு செங்கல் பாதை, அது போய் முடியும் இடத்தில் துணி துவைக்கும் ஷெட்.

அந்தப் பாதையில்தான் அவர் மனைவி விழுந்தாள்.

அவளுக்கு இரண்டு வருடமாகவே பார்வை மங்கிக்கொண்டு வந்தது. விழித்திரை தேய்கிறது, மெதுவாகத்தான் போகும், ஆனால் நிறுத்த முடியாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஈரத்துணிக் கூடையோடு வந்தவள் செங்கல் விளிம்பு தெரியாமல் கால் பிசகி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"படிலேர்ந்து ஷெட் வரைக்கும் ஒரு இரும்புக் கம்பி போட்டுடறேன். பிடிச்சுக்கிட்டே போயிடலாம்" என்றார் அவர்.

"வீட்டை ஆஸ்பத்திரி ஆக்காம விடமாட்டீங்க போலிருக்கு."

"சரி, பாதைக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை பெயின்ட் அடிக்கிறேன்."

"நான் என்ன லாரியா, கோடு போட்டு ஓட்டுறதுக்கு? போட்டே ஆகணும்னா வெள்ளைப் பூவா ஏதாவது போடுங்க. நிழல்ல எனக்கு வெள்ளை ஒண்ணுதான் கண்ணுக்கு எட்டுது. நீலம், சிவப்பு எல்லாம் இருட்டோட இருட்டாப் போயிடுது."

அவர் வாயை அடைக்கத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அவரோ மறுநாளே கடையைப் பூட்டிக்கொண்டு விதைக்கடைக்குப் போய் நின்றார்.

நிழலில் வரவேண்டும், குட்டையாக இருக்கவேண்டும், வெள்ளையாகப் பூக்கவேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, விதைக்கடை அம்மா ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். 'என்னை மறவாதே' என்று பூவின் பேர் போட்டிருந்தது. வழக்கமாக நீலத்தில் வருவது, இது அதில் வெள்ளை ரகம் என்றார்.

வீட்டில் பேரைப் படித்துக் காட்டினார்.

"இது என்ன பூவோட பேரா, புகாரா?" என்றாள் மனைவி.

அவர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. பூட்டைத் திறக்கிறவருக்கு எல்லாம் கையிலேயே தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ஒரு தட்டில் மண்ணை நிரப்பி, விதையை மேலே தூவி, நல்ல வெயில் படட்டும் என்று கடை வாசலில் வைத்தார். மூன்று வாரம் பார்த்தார். தட்டில் பித்தளைத் தூள்தான் மினுங்கியதே தவிர ஒரு முளையும் இல்லை.

திரும்பவும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவரிடம் விதைக்கடை அம்மா கேட்டார்.

"மேல மண்ணு போட்டு மூடுனீங்களா?"

"இல்லைங்களே."

"வெளிச்சம் பட்டா இது முளைக்காதுங்க. லேசா மண்ணு தூவி மூடணும். வெயில்ல வைக்கவே கூடாது, மண்ணு காயவும் கூடாது. இன்னொண்ணு, இந்த வருஷம் பூக்கும்னு எதிர்பார்க்காதீங்க. இப்ப விதைச்சா, குளிர்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்துட்டு அடுத்த வருஷம்தான் பூக்கும்."

இந்த முறை அவர் சாவிக்காரராகவே வேலை செய்தார். கறுப்பாக, கடுகைவிடப் பொடியாக இருந்த விதைகளைப் பூட்டுக்குள் ஸ்பிரிங் எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து வரிசையாக வைத்தார். மேலே மண்ணைச் சலித்துத் தூவினார். தட்டை அட்டையால் மூடிப் பின்னறையின் குளிர்ச்சியான மூலையில் வைத்தார். தினமும் காலையில் அட்டையைத் தூக்கிப் பார்ப்பார், தண்ணீர் தெளிப்பார், மூடுவார். பன்னிரண்டாம் நாள் பச்சையாக ஏதோ தலைகாட்டியது. அன்று ஒரு வாடிக்கையாளருக்கு வேறு யாரோ வீட்டுச் சாவியை வெட்டிக் கொடுத்துவிட்டார்.

குளிருக்கு முன்னால் பாதையின் இரண்டு பக்கமும் நாற்றை நட்டார். நத்தைகள் வந்து கால்வாசியைத் தின்றன. மீதி தரையோடு தரையாக, முயல் காது போல மயிர் அடர்ந்த இலைகளோடு உட்கார்ந்திருந்தது. லீவுக்கு வந்த மகள் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, கீரையா?" என்றாள். 

குளிர் போனதும் தண்டு எழும்பி, பாதையோரம் வெள்ளையாகப் பூத்தது. ஒரு காலை ஷெட்டுக்குக் கிளம்பிய மனைவி படியிலேயே நின்றாள். அவர் கதவோரம் நின்று பார்த்தார். அவள் கீழே இறங்கி, எதையும் தடவிப் பிடிக்காமல், பாதையின் நடுவிலேயே நடந்தாள். பாதி தூரத்தில் நின்றுவிட்டாள்.

"இங்க ரெண்டு இடத்துல செடி செத்துடுச்சா? ஓட்டையா இருக்கே."

அவர் வந்து பார்த்தார். செடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூத்திருந்தது நீலம்.

"சாகலை. விதைல கலந்துடுச்சு போலிருக்கு. இது நீலமாப் பூத்திருக்கு. அழகாத்தான் இருக்கு."

"அழகு உங்களுக்கு. எனக்கு அது பள்ளம். பிடுங்குங்க."

பிடுங்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. வேரோடு பெயர்த்துக் கடை வாசலில் ஒரு டப்பாவில் நட்டார். பாதையில் விட்டுப்போன இடத்துக்கு ஓரத்தில் நெருக்கமாக இருந்த வெள்ளையைப் பெயர்த்து வைத்தார்.

பூ முடிந்ததும் இலைகளில் சாம்பல் பூத்து, செடிகள் கறுத்துச் சாய்ந்தன. அத்தனை பாடும் வீணாகிவிட்டதே என்று அவர் விதைக்கடைக்கு ஓடினார். விதைக்கடை அம்மா சிரித்தார். அதன் ஆயுசே அவ்வளவுதான், பிடுங்குமுன் நன்றாக உதறுங்கள், விழுகிற விதை தானே முளைக்கும் என்றார். உதறினார். முளைத்தது. ஓரத்தில் மட்டுமா, பாதை நடுவில், படியிடுக்கில், ஷெட் வாசலில் என்று இஷ்டத்துக்கு முளைத்தது. களையும் கூடவே வந்தது.

அதற்குள் மனைவியின் பார்வை இன்னும் இறங்கியிருந்தது. இரண்டாம் வசந்தத்தில் வெள்ளைக்கோடு ஒரு மங்கல் கீற்றாகத் தெரிந்தது. மூன்றாம் வருடம் அதுவும் இல்லை. அதை அவள் உடனே அவரிடம் சொல்லவில்லை. ஷெட்டுக்கு எத்தனை எட்டு என்பது காலுக்குப் பழகிவிட்டதால் தன் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த குழாயில் அவள் இடறியபோதுதான் அவருக்கு விளங்கியது.

"எப்பலேர்ந்து தெரியலை?"

"இந்த வருஷம் பூக்க ஆரம்பிச்சதுலேர்ந்தே."

"சொல்லக்கூடாதா?"

"சொன்னா கம்பியைத் தூக்கிட்டு வருவீங்க."

அவர் உண்மையிலேயே கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த முறை அவள் தடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பொருத்தி முடித்தார். அவளுக்குத் தெரியாத பூ இனி எதற்கு என்று செடிகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

மழைக்குப் பின் ஒரு மதியம் கடையிலிருந்து உள்ளே வந்தவர், மனைவி பாதையோரம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். விரலால் தடவித் தடவி எதையோ பிடுங்கிக் கொண்டிருந்தாள்.

"ஐயோ, நாத்தையா பிடுங்குறே?"

"களை வழவழன்னு இருக்கு. இது இலை பூரா பூனை நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கு. இதுகூடவா கைக்குத் தெரியாது?"

அவர் குனிந்து பார்த்தார். பிடுங்கிப் போட்ட குவியலில் ஒரு நாற்றுகூட இல்லை. நெருக்கமாக இருந்ததை அவளே கலைத்து, விரல் அகலம் இடம் விட்டு வரிசையாக நட்டிருந்தாள். அவர் வைத்ததைவிட நேராக இருந்தது. பக்கத்தில் உட்காரலாம் என்று ஓர் எட்டு வைத்தார்.

"அங்கேயே நில்லுங்க" என்றாள் அவள். "உங்க காலுக்குக் கீழ நாலு நாத்து இருக்கு."