மஞ்சள் ஆணுக்கு ஒரு பெண்

மனைவி பிரிந்துபோன அடுத்த வருடம், நான் வளர்த்த மீன் ஜோடியில் பெண் செத்துப்போனது. கள்ளிக்குப்பம் மாடிப் போர்ஷனில் நானும் அந்த ஆண் மீனும் மட்டும் மிஞ்சினோம்.

மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளில் வாழும் விரல் நீளக் குள்ள சிக்லிட் வகை மீன் அது. ஒரே இனம்தான், ஆனால் ஓடைக்கு ஓடை நிறம் மாறும். ஓரிடத்து ஆணுக்கு வயிறு மஞ்சள், இன்னோரிடத்து ஆணுக்குச் சிவப்பு. வளர்க்கும் நாங்கள் இரண்டையும் கலக்கவிட மாட்டோம். என்னுடையது மஞ்சள். அதற்கு ஜோடி தேடிக் கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளெல்லாம் ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை.

ஒருநாள் மீன் வளர்ப்பவர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. திருவேற்காட்டில் இதே மீன் வளர்த்தவர் இறந்துவிட்டார். அவர் மனைவி மீன்களைக் கொடுத்துவிட நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

ஹாலில் ஒரே ஒரு தொட்டியில்தான் தண்ணீர் இருந்தது. மற்ற மூன்றையும் கவிழ்த்து வைத்திருந்தார் அந்த அம்மாள்.

"நாலுக்கும் தண்ணி மாத்த முடில தம்பி. அல்லாத்தையும் ஒண்ணுல வுட்டுட்டேன். ஒரே மீனுதான?"

ஆண்களைப் பார்த்தால் ஊர் தெரிந்துவிடும். பெண்களிடம் அது நடக்காது. அங்கிருந்த ஐந்து பெண்களுக்கும் ஒரே ஊதாச் சிவப்பு வயிறு. அரைமணி நேரம் குனிந்து பார்த்தும் பிரிக்க முடியவில்லை. எந்த ஓடையின் மீன் என்று தெரியாமல் எடுத்துப்போக முடியாது என்றேன்.

அவர் முகம் வாடியது. "அவரு ஊரு எழுதி சீட்டு ஒட்டி வெச்சிருந்தாரு. தொட்டி கழுவறப்போ நான்தான் கிழிச்சுட்டேன்."

டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஊரு தெரிஞ்சாத்தான் குடித்தனம் பண்ணுமா? எங்களுக்கு ஊரு, ஜாதகம் அல்லாம் பாத்துத்தான் கட்டி வெச்சாங்கோ. முப்பது வருசம். என்னாண்ட பேசுனதவிட மீனாண்ட பேசுனதுதான் ஜாஸ்தி."

என் மனைவியும் ஒருமுறை இதையே சொல்லியிருக்கிறாள். டீ தீரும்வரை நான் நிமிரவில்லை. கிளம்பும்போது ஒரு பெண் மீனைப் பிடித்துக் கவரில் விட்டுக்கொண்டேன்.

முதல் வாரம் இரண்டும் முட்டிக்கொண்டன. பிறகு பெண் உடலை வளைத்து வயிற்றைக் காட்டி ஆணை அழைக்க ஆரம்பித்தது. ஒரு மாதம் கழித்து, தொழிற்பேட்டையில் பட்டறை வேலை முடிந்து திரும்பிய மாலை, தொட்டிக்குள் மீன் ஒளிந்துகொள்ளக் கவிழ்த்திருந்த கொட்டாங்குச்சிக்கு வெளியே தூசுபோல ஒரு கூட்டம் தாயின் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மனைவிக்குப் போன் செய்தேன்.

"இன்னா விஷயம்?" என்றாள்.

"மீனு குஞ்சு பொரிச்சிருக்கு."

"சரி" என்று வைத்துவிட்டாள். எப்படியிருக்கிறாய் என்று முதலில் கேட்டிருக்கலாம். அவள் வைத்த பிறகுதான் அது தோன்றியது.

குஞ்சுகள் தருகிறேன், ஆனால் தாய் எந்த ஓடை என்று தெரியாது என்று குழுவில் உண்மையை எழுதினேன். யாரும் குஞ்சு கேட்டு வரவில்லை. இப்போது முப்பதுக்கு மேல் வளர்ந்திருக்கின்றன. சில ஆண்களுக்கு வயிற்றில் மஞ்சளும் இல்லாத சிவப்பும் இல்லாத ஒரு நிறம் ஏறியிருக்கிறது. அதற்கு எங்கள் குழுவில் பெயர் கிடையாது.