மாமாவின் மீன்களும் மடையான்களும்

கொக்கைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை தானாகத் தட்டக் கிளம்பிவிடும். சூலூர்க் குளத்தைத் தாண்டிப் பேருந்து போகும்போது கரையோரம் ஒற்றைக் காலில் ஒன்று நின்றால் போதும், மடியில் இருக்கும் பையை மறந்து இரண்டு கையையும் தூக்கிவிடுவேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். பத்து வயதில் ஒரு அரைப்பரீட்சை லீவு முழுக்கக் கொக்கு விரட்டியவளின் பதற்றம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

நான் விரட்டியது மாமாவின் மீன்களுக்காக. மாமா என்றால் அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அவர் ஊரில் கிணறு அடிமண் தெரிய வற்றி, தென்னையெல்லாம் மொட்டையாகி, பண்ணையம் படுத்துவிட்டது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பொள்ளாச்சிக்குத் தெற்கே இருந்த எங்கள் தோப்பு வீட்டுக்கு வந்தார். பத்து நாள் ஆறு மாதமானது. எனக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். என்னை 'வாங்க அம்மணி, போங்க அம்மணி' என்று பெரிய மனுஷியைப் போல நடத்திய ஒரே ஆள் அவர்தான். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஏற்றத்திலும் இறங்காமல் மிதிப்பார்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்தால் அதற்கென்று ஒரு முறை உண்டு. ஆசாரத்தில், அதாவது வீட்டின் நடுக்கூடத்தில், கட்டில் போட்டு உட்கார வைத்து, செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு. சாப்பாடும் வீட்டு ஆண்களோடு சரிசமமாகத்தான். மாமாவுக்கும் முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. அப்புறம் அவருடைய கட்டில் தாழ்வாரத்துக்குப் போனது. அடுத்த மாதம், மாடு கட்டும் கட்டுத்தரையை ஒட்டித் தேங்காய் குவித்துவைக்கும் அறைக்குப் போனது. சாப்பாடு எல்லோரும் கை கழுவிய பிறகு சமையலறை வாசற்படியில் என்று ஆனது. இதையெல்லாம் யாரும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை. மோட்டார் போடு, மாட்டுக்குத் தண்ணி காட்டு, கொப்பரையைத் திருப்பிப் போடு என்று பெரியப்பா ஏவிய ஒவ்வொரு வேலைக்கும் மாமா சிரித்துக்கொண்டே எழுந்து போனார், அவ்வளவுதான். அப்பாவோ தன் அண்ணனான பெரியப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர்.

ஒரு மத்தியானம் தேங்காய் எடுக்க வந்த வியாபாரிகளோடு பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பண்ணையத்துக்கு ஆள் கிடைப்பதே இல்லை என்று அவர்களில் ஒருவர் புலம்பினார்.

"நமக்கென்னுங்க கவலை? மாப்பளை இருக்கறாரு. சோத்தப் போட்டாப் போதும்" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். வாசற்படியில் காத்திருந்த மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பெரியப்பா இலையைத் தட்டி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா கட்டுத்தரையில் மாமாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த மாமாவின் சிநேகிதன் வரச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டான். "போய்ட்டு வா சாமி. கைத்தொழிலு ஒன்னு கத்துக்க" என்றாள். மாமா வழக்கம்போல ஒரே பதில்தான் சொன்னார்: "மீனு பெருசாவட்டுமுங்க்கா. இத்தனை பாடுபட்டுப்போட்டு உட்டுட்டுப் போறதா?"

அந்த மீன்கள் இருந்தது பழைய சூளைக் குழியில். எந்தக் காலத்திலோ செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். ஆடி மழையில் நிறைந்து, தோப்பின் மூலையில் சும்மா கிடந்தது. மாமா ஆழியாறு அணைப் பக்கமிருந்து காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் மீன்குஞ்சு வாங்கி, பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து குழியில் விட்டார். கட்லாவும் ரோகுவும். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து உருண்டை பிடித்துப் போடுவார். போட்டவுடன் தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் கொதிக்கும். மார்கழியில் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு வந்துவிட்டது. சித்திரையில் பிடிக்கலாம் என்றார் மாமா. மீன் தேறினால் மாமா எங்களோடேயே இருப்பார். தேறாவிட்டால் திருப்பூர். எனக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான்.

அந்த மார்கழியில்தான் பறவைகள் வந்தன. முதலில் மடையான்கள், அதாவது குளத்துக் கொக்குகள். மண் நிறத்தில் கூனிக்கொண்டு நிற்கும்; பக்கத்தில் போனால்தான் வெள்ளை இறக்கையை விரித்துக் கிளம்பும். பிறகு ஒரு சாம்பல் நாரை. அடேயப்பா, என் உயரம் இருந்தது! குழியின் ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்கும். கழுத்து மடங்கியே இருக்கும். எப்போது நீண்டது என்று தெரியாது, அலகில் மீன் துடிக்கும். அது தொண்டைக்குள் புடைத்துக்கொண்டு கீழே இறங்குவதைப் பார்த்து எனக்குத்தான் மூச்சு அடைக்கும். மாமாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது என்றே எனக்குத் தோன்றியது.

லீவு விட்டதும் காவல் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் ஆயுதம். தட்டினால் நாரை பறந்து எதிர்க் கரையில் இறங்கும். நான் எதிர்க் கரைக்கு ஓடினால் அது இந்தக் கரைக்கு வரும். நாள் முழுக்க இப்படிச் சுற்றிச் சுற்றி எனக்குக் காய்ச்சல் கண்டதுதான் மிச்சம். மாமா பழைய கேசட்டை உடைத்து, அந்த நாடாவைக் குழியைச் சுற்றி நட்ட குச்சிகளில் இழுத்துக் கட்டினார். காற்றில் அது ங்ங்ங் என்று முனகியது. இரண்டு நாள் பயந்த மடையான், மூன்றாம் நாள் நாடா கட்டிய குச்சியின் மேலேயே உட்கார்ந்து இறகு கோதியது.

கடைசியில் மாமா எங்கோ அலைந்து ஒரு பழைய நைலான் வலையை வாங்கிவந்தார். நான்கு நாள் உட்கார்ந்து ஓட்டைகளைத் தைத்து, மூங்கில் நட்டுக் குழி முழுக்க மூடினார். தீனி போட மட்டும் ஒரு பக்கம் வாசல் மாதிரி விட்டிருந்தார். சாயங்காலத் தீனி போட்ட பிறகு அந்த வாசலை இழுத்துக் கயிற்றால் முடிச்சுப் போடுவது என் பொறுப்பு. "உங்க கையிலதானுங்க அம்மணி எல்லாமே" என்றார். நான் முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, பாதி தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன்.

அப்படியும் மூன்றாம் நாள் காலையில் வாசல் திறந்துகிடந்தது. உள்ளே நாரை ஒன்று, மடையான் ஐந்தாறு. விருந்து நடந்துகொண்டிருந்தது. கட்டினேனா, கட்டவில்லையா? கட்டியது ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த ஞாபகம் நேற்றையதா, முந்தாநேற்றையதா? அன்று சாயங்காலம் இரண்டு முடிச்சு அதிகம் போட்டேன். மறுநாள் காலையிலும் திறந்திருந்தது. தீனி போட்டபோது தண்ணீர் கொதிக்கவில்லை, லேசாகச் சலசலத்தது. "சின்னப் புள்ளைய நம்பிப் பண்ணையம் பண்ணுனா இப்படித்தான்" என்று பெரியப்பா ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அடுத்த நாள் விடிகிற நேரத்தில், அம்மா பால் கறக்க எழுந்ததும், நான் பின்பக்கமாக நழுவிப் போய்க் குழிக்குப் பக்கத்தில் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நாரை முடிச்சை அவிழ்க்கிற சாமர்த்தியத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று தீர்மானம். பனி கொட்டியது. பல் கிட்டித்தது.

வந்தது அம்மா.

பால் சொம்பைக் கரையில் வைத்தாள். என் முடிச்சுகள் ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பி, முடியாததைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். வலையைச் சுருட்டி மூங்கிலில் செருகினாள். ஒதுங்கி நின்றாள். கொஞ்ச நேரத்தில் நாரை இறங்கியது. அது ஒரு மீனைக் கொத்தி விழுங்குகிறவரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். விரட்டவில்லை. பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாமாவிடம் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. ஆனால் சொன்னால் அம்மாவை மாமா என்ன நினைப்பார்? தீனி வாளியோடு மாமா வந்தபோது, எப்படியோ வாய் முந்திக்கொண்டது.

"மாமா, நாந்தானுங்க மறந்துபோட்டேன். மூணு நாளும் கட்டவே இல்லீங்க."

மாமா என் முகத்தைப் பார்த்தார். கீழே கிடந்த கயிற்றை எடுத்து, பல் பதிந்து ஈரமாக இருந்த நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதனால என்னுங்க அம்மணி. அதுகளும் வகுறு வளத்தோணுமில்ல" என்றார். உருண்டையைப் போட்டார். தண்ணீர் அசையவே இல்லை. வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வலையை மடித்து வைத்தார். நான் அழுததற்கு என் தலையில் கை வைத்தாரே தவிர, இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணி பஸ்ஸுக்கு மாமா கிளம்பிவிட்டார். அம்மா ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் புதுச் சட்டை இரண்டு, புது வேட்டி, துண்டு, சோப்பு, எல்லாம் தயாராக இருந்தன. ஒரே நாளில் யார் சட்டை தைத்துக் கொடுத்தார்கள் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. மாமா அந்தப் பையையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். குனிந்து அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனார்.

மாமா திருப்பூரில் தைப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் சேர்ந்து, கட்டிங் மாஸ்டராகி, பிறகு சொந்தமாக நான்கு மெஷின் போட்டதெல்லாம் வேறு கதை. ஐந்து வருடம் கழித்து, நான் பெரியவளான சீருக்கு அவர் தட்டு வரிசையோடு வந்து இறங்கியபோது, பெரியப்பாவே எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து ஆசாரத்தில் உட்கார வைத்தார்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பஸ் போன திசையைப் பார்த்துவிட்டு நேராகக் கட்டுத்தரைக்குப் போனேன். அம்மா சாணி வழித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நீங்கதான் அவுத்து உட்டீங்க. நான் பாத்தேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மறுக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"மாமங்கிட்டச் சொன்னயா?"

"இல்ல. நாந்தான் கட்டாம மறந்துட்டேன்னு சொல்லிப்போட்டேன்."

அம்மா சாணிக் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள். அப்படியொரு அழுகையை நான் அவளிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல் உடம்பு மட்டும் குலுங்கியது. என் புதுப் பாவாடை முழுக்கச் சாணியானது. நான் விறைத்துக்கொண்டே நின்றேன். செய்த தப்பு வெளியே தெரிந்துவிட்டதே என்று பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன். அழட்டும், நன்றாக அழட்டும் என்றும் நினைத்தேன்.