கல்லுக்குள் வந்த வானவில்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில், அம்மன் படத்துக்குக் கீழே ஒரு பளிங்குக்கல் இருக்கிறது. ஒரு சாண் நீளம், ஆறு பட்டை, கூர் நுனி. உள்ளே குறுக்காக ஒரு வெடிப்பு ஓடும். விளக்கேற்றினால் அந்த வெடிப்பில் வானவில் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நானும் தினமும் பூ வைக்கிறேன். அதன்மேல் சூடம் மட்டும் ஏற்ற விடமாட்டேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். இதுவரை நான் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீடொன்றில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா தேயிலை மலையில் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் வாய்க்கால் வெட்டிவிடுகிற வேலை. காடாகப் போன ஒரு பழைய மலையோரத்தில் அவர் மண்வெட்டிக்கு வெள்ளைக்கல் வரிசை ஒன்று அகப்பட்டது. அதிலிருந்து விரல் நீளக் கற்களை எனக்கு விளையாடக் கொண்டுவருவார். அதில் ஒன்றைப் பள்ளிக்கூட விஞ்ஞான மாஸ்டர் பார்த்துவிட்டு, யூனிவர்சிட்டி கேம்பஸில் இருக்கும் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கேம்பஸ்காரர் ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தார். சிங்களக்காரர், வாலிபர். சப்பாத்தைக் கழற்றி, காலைக் கடித்திருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே, பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசினார். பௌதிகப் பரிசோதனைக்கு இந்தக் கல் வேண்டுமாம். பையிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தார். இரண்டு பக்கமும் தகடு, வயர், நுனியில் ஒரு குட்டி பல்பு. கல்லை ஒரு தட்டுத் தட்டியதும் பல்பு மினுக்கென்று எரிந்து அணைந்தது. நாங்கள் வாயைப் பிளந்தோம்.

"கல்லை நசுக்கினா கரண்ட் வரும்" என்றார்.

"அப்ப எங்க கங்காணியையும் கொஞ்சம் நசுக்கிப் பாருங்க மாத்தயா. ஒரு லயத்துக்கே வெளிச்சம் வரும்" என்றார் மாமா, அம்மாவின் தம்பி. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அந்த மனிதரும் சேர்ந்து சிரித்தார்.

அவர் கேட்டது சாதாரணக் கல் இல்லை. ஒரு சாணாவது நீளம் இருக்க வேண்டும். உள்ளே புகை, குமிழி, கீறல் எதுவும் ஆகாது. சுத்தியல் படக்கூடாது, கீழே போடக்கூடாது, பழந்துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்படி ஒரு கல் கிடைத்தால் அவர் தருவதாகச் சொன்ன விலையைக் கேட்டு அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குவைத்தில் வீட்டு வேலை. ஏஜென்சிக்காரன் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தான். "இந்த ஒரு கல்லு கிடைச்சிட்டா நீ போக வேணாம்" என்று அப்பா சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

தோட்டத்து நிர்வாகத்துக்குத் தெரிந்தால் பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அதனால் அப்பாவும் மாமாவும் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் விறகுக்குப் போகிற மாதிரி அலவாங்குக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஞாயிறு அப்பா சாரத்து மடிப்பில் அந்தக் கல்லைக் கொண்டுவந்தார். வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்து, அதற்குப் பின்னால் என் பாடப்புத்தகத்தை வைத்து, "படி பாப்பா" என்றார். கல் வழியாகவே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"நூலளவு கீறல் இல்ல. கண்ணாடிகூட இம்புட்டுச் சுத்தமா இருக்காது" என்றார் மாமா.

அந்த மாத்தயா வருகிற சனிக்கிழமை வரை அது சாமிக்கு முன்னால் இருக்கட்டும் என்று அப்பாதான் மாடத்தில் வைத்தார். மலையில் புதுக் கொழுந்து எடுத்தாலும் சாமிக்குக் காட்டிவிட்டுத்தானே மற்றதெல்லாம்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. எங்கள் மாரியம்மன் கோயிலில் கல்மேலேயே சூடம் வைத்துக் கொளுத்துவார்கள். சூடம் அணைந்ததும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஆத்தாவைக் குளிர வைப்பார்கள். கேட்டது கிடைக்கும். நானும் குளித்து, ஈரத் தலையோடு, கல்லின்மேல் சூடத்தை வைத்தேன். வேண்டுதல் பெரிது என்பதால் ஒன்று போதாதென்று மூன்று வைத்தேன். எங்க அம்மா போகக்கூடாது தாயே. அது மட்டும்தான் கேட்டேன். சூடம் எரிந்து அடங்கியதும் மலையூற்றுப் பீலித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து ஊற்றினேன். எங்கள் பக்கத்துப் பீலித் தண்ணீர் விரலை விறைக்க வைக்கும்.

விரலில் நெட்டி முறிப்பதுபோல 'டிக்' என்று ஒரு சத்தம். கரியைத் துடைத்துப் பார்த்தால் கல்லுக்குள் வானவில்!

கொழுந்துக் கூடையோடு வந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, ஆத்தா கல்லுக்குள்ள வந்துட்டா!" அம்மா வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து கும்பிட்டார்கள். ஒரு அக்கா குங்குமம் வைத்தாள்.

அப்பா வந்தார். கல்லைக் கையில் எடுத்து, வாசலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். மஞ்சள் போகாமல் இருந்தது.

"பூசை பண்ணுனது நீயாம்மா?"

"ஆமாப்பா. ஆத்தா வந்திருக்கா பாருங்க."

"ம். நல்லாப் பண்ணியிருக்க" என்றார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

மறுநாள் அந்த மாத்தயா கல்லைப் பார்த்த முதல் பார்வையிலேயே உதட்டைப் பிதுக்கினார். இரண்டு கறுப்புக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்தும் பார்த்தார். தலையை ஆட்டினார். அவர் முகத்திலும் வருத்தம்தான். "எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"மண்ணுக்குள்ளயே வெடிப்போடதான் கிடந்துச்சு மாத்தயா. நான்தான் சரியாப் பாக்கல" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லப்பா, நேத்துத்தானே..." என்று வாயைத் திறந்தேன். அப்பா என் பக்கம் திரும்பாமலே, "போயி மாத்தயாவுக்கு பிளேன்டீ கொண்டா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு தடவை வருவேன், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. "மழை விடட்டும் மச்சான், மண்ணு ஊறிக் கிடக்கு" என்று மாமா சொன்னார். அப்பா கேட்கவில்லை. கான் வெட்டுகிறவருக்கு ஊறின மண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியும் போனார். பத்து மணிபோல மாமா சேற்றோடு கத்திக்கொண்டு ஓடிவந்தார். மேட்டு மண் அப்படியே சரிந்து விழுந்திருந்தது. ஆட்கள் மண்ணைத் தோண்டி அப்பாவை எடுத்து, கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் தங்கியது. இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

மாதக் கடைசிக்குள் அம்மா போய்விட்டாள். போகிற அன்று அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டு, "இவங்கள நீ பாத்துக்க தாயே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான்கு வருடத்துக்குப் பிறகு பெட்டியில்தான் வந்தாள். நெஞ்சு வலி என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

அப்பா இன்னும் பன்னிரண்டு வருடம் ஊன்றுகோலோடு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். தினமும் சாயந்தரம் என்னைக் கூப்பிட்டு, "கல்லுக்குப் பூ வச்சியா பாப்பா" என்று கேட்பார். வேறு எதுவும் கேட்டதில்லை.

அவர் போன பிறகுதான், ஒருநாள் என் மூத்தவன் சுடுதண்ணீர் ஊற்றியிருந்த கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, சூடு ஆறும் முன்னால் குழாயடியில் பிடித்தான். 'டிக்' என்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிள்ளை, தம்ளர் உடைந்ததற்கு அடிப்பேன் என்று பயந்து, "அது முந்தியே வெடிச்சிருந்துச்சும்மா" என்றான்.

ஆத்தாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மாத்தயாவையும் சொல்ல மாட்டேன். சுத்தியல் படக்கூடாது என்று சொன்னவருக்கு, சூடம் ஏற்றக்கூடாது என்று சொல்ல எப்படித் தோன்றும்?

அன்றைக்குப் பிளேன்டீ போடப் போன நான், அடுப்பை ஊதிக்கொண்டே அப்பாமேல் கோபப்பட்டேன். ஆத்தா வந்ததைப் போய் மண்ணுக்குள் இருந்த வெடிப்பு என்கிறாரே, அப்பாவுக்குப் பக்தி இல்லை என்று நினைத்தேன்.