நூற்றுப் பதினெட்டு டிகிரி

நேரங்கள் எனக்குச் சரியாக நினைவிருக்கின்றனவா என்று எனக்கே சந்தேகம். அந்த வாரம் முழுக்க நைட் ஷிப்ட். தூக்கம் கெட்ட மூளை எதையும் இட்டுக்கட்டும். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

எங்கள் ரசாயன ஆலையில், பயன்படுத்திய கரைப்பானைக் காய்ச்சி வடிக்கும் உயரமான கோபுரம் ஒன்று உண்டு. அதன் அடிப்பகுதியை எவ்வளவு சூடாக்கினால் அதிகம் கிடைக்கும் என்று கணினியில் மாதிரி செய்து நான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை கெடு. நல்ல எண்ணாகச் சொல்லாவிட்டால் என் வேலை நீடிக்காது. நான் சொல்லும் சூட்டில் அதை ஓட்டப் போகிறவன் என் மச்சினன்.

மென்பொருள் இலவசம். உள்ளே இருக்கும் நிரலை யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. இரண்டு வாரமாக, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கையேட்டோடு மல்லுக்கட்டினேன். சூட்டுக்கு ஓர் உச்ச வரம்பு கொடுத்தால், அதற்குள் நல்ல விடையை அது தேடித் தரும். அவ்வளவு தெரிந்துகொள்வதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் 2.40. வரம்பு 140 என்று கொடுத்து ஓட்டினேன். விடை 140-ஐ ஒட்டி வர வேண்டும். 118-ல் நின்றது. என் ஃபைலைத் திறந்து பார்த்தேன். வரம்பே 118 என்றுதான் இருந்தது. தூக்கக் கலக்கம். மாற்றிச் சேமித்தேன்.

2.52. மறுபடி 118.

மச்சினனுக்குப் போன் செய்தேன்.

“என் ஃபைலைத் தொட்டியாடா?”

“நானா? எனக்கு என் போனையே ஒழுங்காத் திறக்கத் தெரியாது மாமா. போய்த் தூங்குங்க.”

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. என் சூடுதான்... அப்படித்தான் இருக்கும்...

3.09. அடுத்த அறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க உள்ள?”

“நான்தான்.”

“உங்க குரல் எனக்குத் தெரியாதா? யாரோ நம்பரா சொல்லிட்டிருக்காரு. கண்ணசர விடாம.”

போய்விட்டாள்.

140 என்று மறுபடி அடித்தேன்.

3.16.

“நூத்திப் பதினாறு...”

முதுகுக்குப் பின்னால். அவசரமே இல்லாத குரல். அலுத்துப்போன குரல்.

ஒரு நிமிடம்.

“நூத்திப் பதினேழு...”

நான் திரும்பவில்லை.

3.18.

“நூத்திப் பதினெட்டு.”

அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தேன்...

வரவேயில்லை.

திங்கட்கிழமை 118 என்றே எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்பவே 115-ல ஓடுது. மூணு டிகிரிக்கா ரெண்டு வாரம்?”

“அதுக்கு மேல வேணாம் சார்.”

“ஏன்?”

அந்த மாதத்தோடு என்னை அனுப்பிவிட்டார்கள்.

கடைசி நாளில் பழைய ஃபிட்டர் ஒருவர் வாசல்வரை வந்தார். திரையில் சூடு தெரியாத காலத்தில், கோபுரத்தின் அடியில் ஓர் ஆள் நின்று, வெப்பமானியைப் பார்த்து நிமிடத்துக்கு ஒரு தரம் சத்தமாகச் சொல்வாராம். இவர் மேலே நின்று வால்வைத் திருப்புவாராம். ஒரு நாள் சூடு அளவைத் தாண்டி ஏறி, அடியில் தங்கிய கசடு வெடித்தது. கீழே நின்ற ஆள் போய்விட்டார். இவர் காதில் கடைசியாக விழுந்த எண் 118.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் இடத்துக்கு வந்த பொறியாளர் வேறு ஊர்க்காரர். என் ஃபைலைத் திறக்காமல் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். மூன்றாம் வாரம் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது:

“உங்களுக்கும் எண்ணிக் காட்டினாரா?”

பதில் எழுதினேன். அதற்குள் அவரும் 118 என்றே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார். ஃபிட்டர் ஓய்வுபெற்றுவிட்டார். மேனேஜரை வேறு ஆலைக்கு மாற்றினார்கள். நான் ஒரு கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கிறேன். மனைவி பகலில் படுப்பதில்லை. மச்சினன் அந்தக் கோபுரத்தை 118-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நன்றாக இருக்கிறான்.